தீபாவளிச் சட்டையின் நிறத்தை யார் முடிவு செய்தது?



தீபாவளி நெருங்கிவிட்டது. புதுச்சேரி நேரு வீதியில் கால் வைக்க இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாக்கள் சட்டை அளவு பார்க்கிறார்கள்.

"தீபாவளிக்கு ஏன் புதுத்துணி?" என்று கேட்டால் நரகாசுரன் கதை சொல்வோம். எண்ணெய்க் குளியல், ஓரத்தில் மஞ்சள் தடவிய புது உடை, சாமி கும்பிட்டுவிட்டுப் பெரியவர் கையால் வாங்கி உடுத்துவது. இதெல்லாம் நம் எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பதிவில் நான் கேட்கப்போவது வேறு கேள்வி.

அந்தத் துணிக்குக் காசு கொடுத்தது யார்? அதன் நிறத்தை முடிவு செய்தது யார்?

சின்னக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு போனால் விஜயநகரம், செனகல், அகமதாபாத் எல்லாம் சுற்றிவிட்டு நம்ம ஊர் கடலூர் சாலைக்கே வந்து நிற்போம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படிங்க.

⬛ 500 வருடத்துக்கு முந்தைய ஒரு தீபாவளி

1520-ஐ ஒட்டி டொமிங்கோ பயஸ் என்ற போர்ச்சுகீசியர் விஜயநகரத்துக்கு, அதாவது இன்றைய ஹம்பிக்கு வந்தார். கிருஷ்ணதேவராயர் ஆண்ட காலம். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி வைத்தார்.

அக்டோபர் மாதத்தில் பதினோரு நாள் கழிந்த பின் வரும் ஒரு பெருவிழாவைப் பற்றி அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த நாளில் எல்லோரும் புத்தாடை உடுத்துகிறார்கள். அமாவாசையோடு அவர்களுக்குப் புது வருடம் பிறக்கிறது. ஐப்பசி அமாவாசையை ஒட்டிய இந்த விழா தீபாவளிக் காலத்து விழாவாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் என்னை நிறுத்திய விசயம் ஒன்று. படைத்தலைவர்கள் தங்கள் ஆட்களுக்குப் பல வண்ணத் துணிகள் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு தனி நிறம், தனி அடையாளம். அதே நாளில் அந்தத் தலைவர்கள் அரசனுக்குப் பெரும் பணம் கட்டுகிறார்கள்.

புரியுதுங்களா?

பணம் கீழிருந்து மேலே போகிறது. துணி மேலிருந்து கீழே வருகிறது. துணியை வாங்கி உடுத்தியவன் எந்த நிறம் உடுத்தினான்? அவனுக்குப் பிடித்த நிறத்தை அல்ல, அவன் தலைவனின் நிறத்தை. "நான் இன்னாருடைய ஆள்" என்று ஊருக்குச் சொல்லும் அடையாளம் அந்தப் புத்தாடை.

பண்டிகைத் துணி என்பது வெறும் அலங்காரம் மட்டும் இல்லை. யார் கொடுக்கிறவர், யார் வாங்குகிறவர் என்பதை வருடத்துக்கு ஒருமுறை ஊரறியச் சொல்லும் ஏற்பாடாகவும் இருந்தது.

⬛ பண்ணையில் கிடைத்த வேட்டி

இந்த வழக்கம் அரண்மனையோடு நிற்கவில்லை. நம்ம பக்கத்து டெல்டா கிராமங்களில் பண்ணையாட்களுக்குக் கூலி பெரும்பாலும் நெல்லாகத்தான் அளக்கப்பட்டது. அதோடு வருடத்துக்கு ஒரு வேட்டி, ஒரு சேலை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ மிராசுதார் வீட்டு வாசலில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

யோசித்துப் பாருங்க. அது அவர்கள் வருடம் முழுக்க வயலில் உழைத்ததற்கான கூலியின் ஒரு பகுதி. ஆனால் கொடுக்கும் விதத்தில் அது தானம் மாதிரி ஆகிவிடுகிறது. கூலி என்றால் கேட்டு வாங்கலாம். தானம் என்றால் கும்பிட்டு வாங்க வேண்டும்.

பண்ணையாளுக்கு இவ்வளவு கூலி, இந்த விதத்தில் கொடுக்க வேண்டும் என்று அரசு தலையிட 1952 வரை ஆனது. அந்த ஆண்டுதான் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தியா சுதந்திரம் பெற்று ஐந்து வருடம் கழித்து!

⬛ காசு இருந்தாலும் உடுத்த முடியாது

"சரி டாக்டர், கையில காசு இருந்தா அவங்களே வாங்கிக்கலாமே?" என்று கேட்பீர்கள்.

அதுவும் முடியாத காலம் இருந்தது.

தென் திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்தில், மார்பை மறைத்து மேலாடை உடுத்த நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859 ஜூலையில் மன்னர் அனுமதி கொடுத்தார். அந்த அனுமதியிலும் ஒரு கொக்கி இருந்தது: மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல உடுத்தக் கூடாது.

இது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்க, வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள். அடுத்த வருடமே தடைகள் பதினொன்றாக ஏறின.

அந்த ஊரில் ஒரு குடும்பம் கொழும்பிலோ பர்மாவிலோ சம்பாதித்த காசில் பண்டிகைக்கு ஒரு முழு நீளச் சட்டை எடுத்திருந்தால்? அந்தச் சட்டையைப் போட்டுத் தெருவில் நடப்பதற்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டும்.

புதுச்சேரியில் படித்தவர்களுக்கே இந்த நிலை வந்தது. 1873-இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் அணிவது போன்ற காலணியோடு பிரெஞ்சு நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். "இந்தியர் இப்படி வரக் கூடாது" என்று நீதிபதி தடுத்தார். பொன்னுத்தம்பி விடவில்லை. பாரிஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயித்தார். ஒரு ஜோடி காலணிக்காகக் கடல் தாண்டிய வழக்கு!

உடம்பில் எதைப் போடலாம் என்பதை அடுத்தவர் முடிவு செய்வது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று இப்போது புரிந்திருக்கும்.

⬛ நம்ம ஊர்: துணியால் பிறந்த ஊர்

இப்போது புதுச்சேரிக்கு வருவோம்.

பிரெஞ்சுக்காரர்கள் 1674-இல் இங்கே காலூன்றியது பீச்சுக்காகவோ ஒயினுக்காகவோ இல்லை. துணிக்காக. சுற்று வட்டாரத்து நெசவாளர்கள் நெய்யும் பருத்தித் துணியை வாங்கிக் கப்பலில் ஏற்ற வேண்டும். அதுதான் கம்பெனியின் பிழைப்பு. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டினால் துணி வணிகம் பக்கத்துக்குப் பக்கம் வரும். கவர்னர் ஒருவரைக் கௌரவிக்க வேண்டும் என்றால் சிவப்புச் சகலாத்துத்தான் கொடுப்பார். அங்கேயும் அதே விஜயநகரக் கணக்கு!

ஆனால் இந்த ஊர் நெசவாளர்களுக்கு ஒரு பலம் இருந்தது. 1715-ஐ ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறிஸ்தவத் திருநாட்களிலும் கோயில் விழா எடுக்கக் கூடாது என்று கம்பெனி நிர்வாகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நெசவாளர்களும் வணிகர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பினார்கள்.

நெசவாளி போய்விட்டால் துணி இல்லை. துணி இல்லை என்றால் கப்பல் காலி. கம்பெனி இறங்கி வர வேண்டியதாயிற்று.

(இதை இந்து, கிறிஸ்தவர் சண்டையாகப் படிக்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் இதே ஊரில் இதே கடையில்தான் எல்லோரும் துணி எடுக்கிறோம். இங்கே மோதியது கம்பெனி அதிகாரமும் உழைப்பாளிகளின் பண்டிகை உரிமையும்.)

தங்கள் பண்டிகைக்காக ஊரையே நிறுத்திக் காட்டிய அந்த நெசவாளர்கள் நெய்த துணி எங்கே போனது?

ஆப்பிரிக்காவுக்கு!

அவுரிச் சாயத்தில் தோய்த்த நீலத் துணி. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'கினே' என்று பெயர் வைத்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இந்தியத் துணிகளைக் கொடுத்து அடிமைகளை வாங்கினார்கள் ஐரோப்பிய வியாபாரிகள். நம்ம கைத்தறிக்கு அந்தக் கறையும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் புதுச்சேரி நீலத் துணிதான் நாணயமாகவே புழங்கியது. அதைக் கொடுத்து வேலம் பிசின் வாங்கினார்கள்.

அந்தப் பிசினுக்கும் என் தொழிலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மாத்திரை உதிராமல் பிடித்து வைக்கவும், சிரப்பில் மருந்து அடியில் தங்காமல் இருக்கவும் இன்றும் பயன்படுவது அதே பிசின். பிரான்சின் துணி அச்சுத் தொழிலுக்கும் அது தேவைப்பட்டது.

சகாராப் பாலைவனத்து மக்கள் புதுச்சேரி நீலத்தை உடம்பிலும் தலையிலும் சுற்றிக்கொண்டார்கள். சாயம் தோலில் ஒட்டி அவர்களுக்கு 'நீல மனிதர்கள்' என்றே பெயர் வந்தது.

உலகத்தின் அந்தக் கோடியில் ஒருவர் பெருமையாக உடுத்திய துணியை நெய்த கைக்குத் தீபாவளிக்கு என்ன மிஞ்சியது? அடுத்து அதைப் பார்ப்போம்.

⬛ கடலூர் சாலையில் மூன்று ஆலைகள்

1820-களின் இறுதியில் புதுச்சேரியில் சவானா மில் எழுந்தது. பிறகு கெப்ளே மில். 1898-இல் ரோடியர் மில், நாம் ஏ.எஃப்.டி. என்று சொல்வது. கதிர்காமத்திலிருந்து வழுதாவூர் சாலையில் வந்து, இந்திரா காந்தி சிலையில் திரும்பி, நூறடிச் சாலை வழியாக மரப்பாலம் போனால் முதலியார்பேட்டை வந்துவிடும். அந்தப் பக்கம் போகிறவர்கள் அந்த நீண்ட மதில் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

கைத்தறி நெசவாளர் குடும்பங்களும் கிராமத்து விவசாயக் கூலிகளும் ஆலைக்குள் போனார்கள். ஆண், பெண், சிறுவர் எல்லோரும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை. பஞ்சுத் தூசி மூச்சோடு போகும்.

இங்கே ஒரு மருத்துவக் குறிப்பு. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்குப் பிசினோசிஸ் என்று பெயர். அதற்கு ஒரு வினோதமான குணம் உண்டு. வேலை செய்துகொண்டே இருக்கும்போது ஓரளவு பழகின மாதிரி இருக்கும். லீவு முடிந்து திரும்பிப் போகும் முதல் நாள்தான் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், மூச்சு முட்டும். அதனால் ஆலை ஊர்களில் அதைத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: தீபாவளி முடிந்து ஆலைக்குத் திரும்பிய நாள் அந்தத் தொழிலாளிக்கு எப்படி இருந்திருக்கும்? பண்டிகை தந்த ஓய்வுக்கே அபராதம் கட்டுவது போல நெஞ்சு இறுகியிருக்கும்.

1930-களில் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள். வ.சுப்பையா முன்னின்றார். அப்போது அவருக்கு இருபதுகளின் நடுவயதுதான். வேலை நேரத்தைக் குறை, கூலியை உயர்த்து, சங்கம் வைக்கும் உரிமை கொடு என்பவை கோரிக்கைகள்.

1936 ஜூலை 30. வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காலனிப் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அந்த வருடத் தீபாவளிக்கு அந்த 12 வீடுகளில் புதுத்துணி எடுத்திருக்க மாட்டார்கள். துக்க வீட்டில் பண்டிகை இல்லை என்பது நம் வழக்கம்.

செய்தி பாரிஸ் வரை போனது. அப்போது பிரான்சில் லியோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சி. சுப்பையாவும் பிரான்ஸ் சென்று பேசினார். 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே முதன்முதலாக எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கிய இடம் என்று இந்த ஊரைச் சொல்வார்கள். இன்றும் ஜூலை 30 புதுச்சேரியில் தியாகிகள் தினம்.

"இதுக்கும் தீபாவளிச் சட்டைக்கும் என்ன சம்பந்தம்?"

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. பண்டிகைக்கு இரண்டு விசயம் வேண்டும். கையில் கொஞ்சம் காசு. கொண்டாட நேரம். விடியற்காலை எழுந்து பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் புதுச் சட்டை மாட்டிவிட அப்பா வீட்டில் இருக்க வேண்டுமே! அந்தக் காசும் அந்த நேரமும் யாரும் சும்மா தூக்கிக் கொடுத்தவை அல்ல.

⬛ கொள்ளை நோய் கொடுத்த போனஸ்

காசு என்றதும் போனஸ் ஞாபகம் வரும். தீபாவளி போனஸின் முன்கதையில் ஒரு கொள்ளை நோய் இருக்கிறது. டாக்டரான எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1917-இல் அகமதாபாத்தில் பிளேக் பரவியது. மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ஆலைகள் நின்றுவிடும் என்ற நிலை. ஆட்களைத் தக்கவைக்க ஆலை முதலாளிகள் கூடுதலாக ஒரு தொகை கொடுத்தார்கள். பெயரே 'பிளேக் போனஸ்'!

நோய் தணிந்தது. 1918 தொடக்கத்தில் போனஸை நிறுத்தினார்கள். ஆனால் போர்க்கால விலைவாசி இறங்கவில்லை. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அனுசுயா சாராபாய் துணை நின்றார், காந்தி தலைமை ஏற்றார். முதலாளிகள் தரப்பில் முன்னின்றவர் அம்பாலால் சாராபாய், அனுசுயாவின் சொந்தத் தம்பி! அந்த மார்ச் மாதம் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். இறுதியில் 35 சதவீத உயர்வு என்ற தொழிலாளர் கோரிக்கை பக்கம் தீர்ப்பு சாய்ந்தது.

பம்பாய் ஆலைகளில் 'போர் போனஸ்' கொடுத்தார்கள். பிறகு வருட போனஸை நிறுத்தியபோது 1924-இல் அங்கேயும் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது.

பல ஆண்டுகள் கோர்ட், தீர்ப்பாயம் என்று இழுத்த ஒரே கேள்வி இது: போனஸ் முதலாளியின் அன்பளிப்பா, தொழிலாளியின் உரிமையா?

1965-இல் போனஸ் வழங்கும் சட்டம் வந்து அதற்குப் பதில் சொன்னது. உரிமை. முதலில் குறைந்தபட்சம் 4 சதவீதம். 1970-களின் தொடக்கத்தில் அது 8.33 சதவீதம் ஆனது. ஒரு வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது ஒரு மாதச் சம்பளம்.

1520-இல் தலைவன் கொடுத்த நிறத்தை உடுத்திய ஆள், 1965-க்குப் பிறகு போனஸ் கவரைப் பிரித்து, கடைக்குப் போய், "அந்த மேல் தட்டுல இருக்குற மஞ்சளை எடுங்க" என்று கேட்கிறான். 450 வருடங்கள் ஆயின அந்த ஒரு வாக்கியத்துக்கு!

⬛ பாலியஸ்டர் வந்தது, ஆலை போனது

காசு ஒரு பக்கம். துணி விலை இன்னொரு பக்கம்.

இரண்டாம் உலகப் போரின்போது துணிப் பஞ்சம் வந்தது. 1943-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு துணிக்கும் நூலுக்கும் விலைக் கட்டுப்பாடு போட வேண்டி வந்தது. வீட்டில் 90 வயதைத் தொட்டவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்க. துணிக்கு வரிசையில் நின்ற கதையைச் சொல்வார்கள்.

1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழ்நாட்டில் பொங்கலுக்கு இலவச வேட்டி சேலைத் திட்டம் தொடங்கியது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: ஏழைக்குப் புதுத்துணி, நெசவாளிக்கு வேலை. புதுச்சேரியிலும் பண்டிகைக்கு இலவசத் துணி வந்தது. பிறகு துணிக்குப் பதிலாகப் பணமே வங்கிக் கணக்கில் ஏறியது.

துணியா பணமா என்று நம் ஊரில் பெரிய விவாதமே நடக்கும். துணியாகக் கொடுத்தால் நெசவாளிக்கு வேலை கிடைக்கும். பணமாகக் கொடுத்தால் வாங்குகிறவர் நிறத்தைத் தானே தேர்ந்தெடுப்பார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

1985-இன் புதிய ஜவுளிக் கொள்கைக்குப் பிறகு செயற்கை இழைகள் மலிந்தன. பாலியஸ்டரும் விசைத்தறியும் சேர்ந்து சாதாரணக் குடும்பத்துக்கும் வருடத்தில் நாலு புதுத்துணி என்பதைச் சாத்தியமாக்கின. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு சட்டையோடு வருடத்தை ஓட்டிய பாட்டன் வீட்டுப் பேரன் இன்று நாலு சட்டை வைத்திருக்கிறான். நல்லதுதான்.

ஆனால் கூடவே நம்ம ஆலைகள் நொடித்தன. 2011 டிசம்பர் 30-இல் தாக்கிய தானே புயல் ஏ.எஃப்.டி.-யைப் புரட்டிப் போட்டது. அதற்குப் பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 2020-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் அப்படியே.

செனகலுக்கு நீலத் துணி அனுப்பிய ஊர் இன்று தன் தீபாவளித் துணியைச் சூரத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வரவழைக்கிறது.

⬛ டாக்டராக மூன்று வார்த்தை

வரலாறு போதும். அரசு மருத்துவமனையில் தீபாவளி டியூட்டி பார்க்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது.

ஒன்று: பட்டாசு வெடிக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு பாலியஸ்டர், நைலான், நெட் வைத்த கவுன் வேண்டாம். அது எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும். காயம் ஆழமாக இறங்கும். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆனால் உருகி ஒட்டாது. உடம்போடு ஒட்டிய கனமான பருத்தி உடை நல்லது. தொங்கும் துப்பட்டா, தளர்ந்த கை வேண்டவே வேண்டாம். பளபள கவுனை மாலையில் கோயிலுக்குப் போடட்டும்.

இரண்டு: தீக்காயம் பட்டால் குழாயைத் திறந்து ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்க. பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாதீர்கள். ஐஸும் வேண்டாம். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி நேராக மருத்துவமனைக்கு வந்துவிடுங்க.

மூன்று: புதுத்துணி போட்ட மறுநாள் அக்குளிலும் கழுத்திலும் அரிப்போடு சிலர் வருவார்கள். துணி சுருங்காமல் மொடமொடவென்று இருக்கப் போடும் ரசாயனமும் சாயமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை அலசிக் காயவைத்துப் போடுங்க. "அலசினா புதுத்துணி ஆகாதே டாக்டர்" என்பார்கள். ஓரத்தில் மஞ்சள் வையுங்க, சாமி ஏற்றுக்கொள்ளும்.

⬛ கடைசியாக ஒரு வேண்டுகோள்

உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா இருக்கலாம். கடையில் ஒரு பையன், அபார்ட்மெண்டில் ஒரு வாட்ச்மேன் அண்ணன் இருக்கலாம். இவர்களில் பெரும்பாலானோருக்கு போனஸ் சட்டம் எட்டாது. குறைந்தது இருபது பேர் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொதுவாக அந்தச் சட்டம். ஆக, அவர்கள் வீட்டுத் தீபாவளி இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. விஜயநகரக் கணக்கு இன்னும் முழுசாக முடியவில்லை.

போன வருடம் நமக்கு யாரோ கொடுத்துப் பெட்டியில் கிடக்கும் சேலையை இந்த வருடம் அவர்களுக்குத் தள்ளிவிடாதீர்கள். ஒரு மாதச் சம்பளத்தைத் தனியாக போனஸ் என்று சொல்லிக் கொடுங்க. அதுவும் தீபாவளிக்கு முந்தின நாள் இரவு வேண்டாம், பத்து நாள் முன்னாலேயே கொடுங்க. கடைசி நாளில் காசு கிடைத்தால், மற்றவர்கள் கழித்துப் போட்ட நிறம்தான் கடையில் மிச்சம் இருக்கும். பண்டிகை அன்று விடியற்காலையில் அவர்கள் தங்கள் பிள்ளைகளோடு இருக்க லீவும் கொடுங்க.

அவர்கள் கடைக்குப் போகட்டும். தட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துப் போடச் சொல்லிப் பிரித்துப் பார்க்கட்டும். விலை பேசட்டும், பிடிக்கவில்லை என்று எழுந்து அடுத்த கடைக்குப் போகட்டும்.

நிறத்தை அவர்களே முடிவு செய்யட்டும்.

அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள். அன்று டியூட்டியில் யூனிஃபார்மோடு நிற்கப்போகும் செவிலியர், வார்டு பணியாளர், தூய்மைப் பணியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அத்தனை பேருக்கும் முதல் வாழ்த்து.



அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.
கதிர்காமம், புதுச்சேரி